வீட்டில் கற்கும் பிள்ளைக்கு எம்மொழியில் பாடம்?

பள்ளிக்குப் பிள்ளை போவது ஒரு நிலை. பிள்ளை இருக்குமிடத்திற்குப் பள்ளி வருவது வேறொரு நிலை. முன்னதில் பயிற்றுமொழியின் பிழையை ஆசிரியர் மறைத்துவிடலாம். ஆங்கிலப் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பொருளைத் தமிழில் விளக்கி, விடையை மட்டும் ஆங்கிலத்தில் நெட்டுருச் செய்வித்து, ஓராண்டை ஓட்டிவிடலாம். நாடெங்கும் அவ்வாறுதான் ஓடிக்கொண்டிருக்கின்றது. பின்னதில் அம் மறைப்பிற்கு இடமில்லை. அங்கே எஞ்சுவன மூன்றே: பிள்ளை, நூல், தாய். மூன்றும் ஒரு மொழி பேசினால் கல்வி நடக்கும். நூல் மட்டும் வேற்றுமொழி பேசினால் கல்வி அங்கேயே நின்றுபோகும். இவ்வுண்மையை 2020, 2021 ஆகிய ஈராண்டுகளும் நமக்கு அடித்துச் சொல்லிச் சென்றன. சொன்னது நம் செவியில் ஏறிற்றா என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் கரணியமாகத் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அவை மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் முதல் நாளில். இடையே ஏறத்தாழ 19 திங்கள் கழிந்தன. 2020இல் ஐந்தாம் வகுப்பினின்று ஆறாம் வகுப்பிற்கு ஏறிய பிள்ளை, ஆறாம் வகுப்பறையைக் கண்ணாலும் காணாமலே ஏழாம் வகுப்பிற்குள் நுழைந்தது. அரசு வாளாவிருந்தது என்று நாம் சொல்லவில்லை. பாடநூல்கள் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. 2019இல் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி வகுப்பு வகுப்பாகப் பாடங்களை ஒளிபரப்பிற்று. நூலில் அச்சிட்டிருந்த விரைவுக் குறியீட்டின்மேல் கைப்பேசியைக் காட்டினால் காணொளி விரிந்தது. 2021 அக்தோபரில் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள் மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லினர். இவை யாவும் பாராட்டத் தக்கனவே. ஆயினும் பிள்ளை தனித்திருந்து படிக்கும்பொழுது அதற்குக் கைகொடுக்கும் மொழி எது என்னும் அடிப்படை வினாவை எவரும் உரக்கக் கேட்டிலர்.

பிற வகுப்புகளிருக்க ஆறாம் வகுப்பை நாம் சுட்டுவதற்குக் கரணியம் உண்டு. ஐந்தாம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிகின்றது. ஆறாம் வகுப்பில் பலர்க்குப் பள்ளியே மாறுகின்றது. சிற்றூர்ப் பிள்ளைக்கு நடைத் தொலைவு கூடுகின்றது. எல்லாப் பாடத்தையும் ஓரிருவர் சொல்லித்தந்த நிலை போய்ப் பாடத்திற்கோர் ஆசிரியர் வருகின்றார். எண்ணையே எண்ணிவந்த பிள்ளை எழுத்தை எண்ணுக்கு ஈடாக வைக்கும் இயற்கணிதத்தை முதன்முதலாகக் காண்கின்றது. கலைச்சொற்கள் பெருவெள்ளமாகப் புகும் வகுப்பும் அதுவே. இத்தகைய திருப்பத்தில்தான் மொழிமாற்றத்தின் வாயிலையும் திறந்து வைத்தனர். 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டபொழுது, அவை தொடங்கிய வகுப்புகள் இரண்டு. ஒன்று முதல் வகுப்பு, மற்றொன்று ஆறாம் வகுப்பு. ஐந்தாண்டுகள் தமிழில் கற்ற பிள்ளையை, பாடம் கடினமாகும் அதே நாளில், மொழியையும் மாற்றிக்கொள் என்று சொல்வது அறிவுடையார் செயலா?

பள்ளிகள் மூடியிருந்த நாளில் யாம் நேரிற் கண்ட ஒன்றை இங்குச் சொல்லுதல் வேண்டும். எம் தெருவில், ஆங்கிலவழிப் பிரிவில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்த சிறுமி ஒருத்தி, திண்ணையிலமர்ந்து அறிவியற் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். கலவைகளைப் பிரிக்கும் முறைகள் பற்றிய பாடம் அது. ‘வின்னோயிங்’, ‘வின்னோயிங்’ என்று அவள் பன்முறை சொல்லியும் அது நாவில் நிற்கவில்லை. உள்ளத்திலோ நிற்பதற்கு அங்கு ஒன்றுமே இல்லை. இரண்டடி தொலைவில் அவள் தாய் முறத்தைக் கையிலேந்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “ஐயா, இவள் என்ன படிக்கின்றாள் என்றே எனக்கு விளங்கவில்லை, நான் படிக்காதவள்” என்று எம்மிடம் வருந்தினார். “அம்மா, நீங்கள் இப்பொழுது செய்துகொண்டிருப்பதைத்தான் அவள் படித்துக்கொண்டிருக்கின்றாள்” என்றோம். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அப் பார்வையை யாம் இன்றளவும் மறந்தோமில்லை.

அத் தாய் உண்மையில் படிக்காதவரா? முறத்தில் இட்டதை மேலெழத் தட்டி உமியைப் போக்குவது புடைத்தல். அசைத்துக் கல்லையும் நொய்யையும் ஒதுக்குவது கொழித்தல். நுண்ணியதைப் பரியதினின்று பிரித்தெடுப்பது தெள்ளுதல். களத்தில் காற்றுக்கெதிரே உயரத்தினின்று கொட்டுவது தூற்றுதல். ஆங்கிலப் பாடநூல் ஒரு சொல்லால் கடந்துபோகும் இடத்தில் அவரிடம் நான்கு சொற்கள் உள்ளன. நான்கிற்கும் உரிய கைத்திறனும் உள்ளது. சலித்தல், வடிகட்டுதல், தெளியவைத்து இறுத்தல், கடைதல் என்று அப் பாடத்தின் எஞ்சிய பகுதிகளும் அவர் அடுக்களையில் நாடோறும் நடப்பனவே. ஆறாம் வகுப்பு அறிவியலின் ஒரு பாடத்தை ஒருநாள் மாலைக்குள் கற்பிக்கத்தக்க ஆசிரியை அவர். அவரை அறியாதவராக்கியது எது? வறுமையன்று, எழுத்தறியாமையும் அன்று. பாடம் பேசிய மொழியே அவரை அறியாதவராக்கிற்று. தன் வீட்டில், தன் மகளின் முன்னே, ஒரு தாயைத் தலைகுனிய வைக்கும் கல்வியைக் கல்வி என்று எவ்வாறு அழைப்பது?

கணக்கிற்கு வருவோம். ‘பகா எண்’ என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே, அது எதனாலோ பகுபடாத எண் என்று பிள்ளை உய்த்துணரும். ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறவற்றால் மீதியின்றிப் பகுபடாது என்பதை மட்டும் நூல் சேர்த்துச் சொன்னால் போதும். ‘மீச்சிறு பொது மடங்கு’ என்னும் தொடரைப் பிரித்தால் அதற்குள்ளேயே அதன் விளக்கம் உள்ளது. ‘பிரைம்’ என்னும் ஒலியோ தமிழ்ப் பிள்ளைக்கு எதனையும் உணர்த்தாது. வகுப்பறையில் ஆசிரியர் அதற்குப் பொருள் சொல்வார்; வீட்டில் யார் சொல்வார்? சொல்லே ஆசிரியனாக நிற்பது தாய்மொழியில் மட்டுமே.

வீட்டிலிருந்தபடியே கற்பிக்கும் முறை இப் பெருந்தொற்றோடு பிறந்ததன்று. ஆத்திரேலியாவின் உள்நாட்டுப் பெருவெளியில், அண்டை வீடே பல கல் தொலைவில் இருக்கும் கால்நடைப் பண்ணைகளின் பிள்ளைகளுக்கு அஞ்சல்வழியே பாடம் அனுப்பினர். 1929இல் ஆல்பிரெட்டு திரேகர் என்பார் காலால் மிதித்து மின்னாக்கும் வானொலிக் கருவியை அப் பெருவெளிக்கெனச் செய்தளித்தார். 1951இல் ஆலிசு இசுபிரிங்சு நகரில், வானூர்தி மருத்துவப் பணியின் வானொலியைப் பயன்கொண்டு, வான்வழிப் பள்ளி தொடங்கிற்று. பிள்ளை ஆசிரியரிடம் பேசவும் வினவவும் அதில் வழியிருந்தது. அருகிலிருந்து கற்பித்தவர் பெரும்பாலும் தாய். அப் பள்ளி வென்றதற்குக் கருவியை மட்டும் கரணியமாகச் சொல்வார் அடிப்படையை மறக்கின்றனர். அப் பண்ணைவீட்டுத் தாய் பேசிய மொழியும் வானொலி பேசிய மொழியும் ஒன்றே. அவர்க்கு ஆங்கிலம் தாய்மொழி. ஆகவே ஆங்கிலத்தில் கற்பித்தனர். அவர்களைப் பின்பற்றுவதென்றால் நாம் பின்பற்ற வேண்டுவது அந்த நெறியை, அந்த மொழியையன்று.

இனி, நம் குற்றத்தையும் நாம் ஒளியாமல் பேசுதல் வேண்டும். தமிழ்வழிப் பாடநூல் என்பதாலேயே அது தானே கற்பிக்கும் என்று கருதற்க. ஆங்கிலத்தில் எண்ணித் தமிழ் எழுத்தில் எழுதிய சொற்றொடர் தமிழாகாது. ஆறாம் வகுப்புக் கணக்குநூலில் ‘விகிதம் மற்றும் விகித சமம்’ என்பது ஒரு பாடத்தின் தலைப்பு. இரு பெயர்களை இணைக்கத் தமிழில் ‘உம்’ இருக்க, ‘மற்றும்’ எதற்கு? ‘தகவு’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, ‘விகிதம்’ எதற்கு? இது வெறும் சொற்பூசல் என்று சிலர் நகைப்பர். வகுப்பறையில் வேண்டுமானால் நகைத்துக் கடந்துபோகலாம். விளங்காத தொடரை ஆசிரியர் உடைத்துக் கூறிவிடுவார். வீட்டில் தனித்திருக்கும் பதினோரகவைப் பிள்ளை அத்தகைய தொடரில் தடுக்கி நின்றால் தூக்கிவிட ஆளில்லை. தூயதமிழ் என்பது மேடை அழகிற்கன்று. தனித்திருந்து படிக்கும் பிள்ளைக்கு அதுவே ஊன்றுகோல்.

“தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா?” என்று கேட்கும் பெற்றோரை நாம் பழிக்கவில்லை. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்பார்க்கு அவ் அச்சம் இயல்பே. அவர்க்குச் சொல்ல வேண்டுவன உள. தமிழ்வழியில் பயின்றார்க்கு மாநில அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியிலேயே அமைந்திருத்தல் வேண்டும் என 2020இல் அது திருத்தப்பட்டது. ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறிய பிள்ளை, தான் அறியாமலே அவ்வுரிமையை இழக்கின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தன் 29ஆம் பிரிவில், இயன்ற அளவு பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கின்றது. ‘இயன்ற அளவு’ என்னும் இரு சொற்களுக்குள் ஒளிந்துகொண்டே நம் பள்ளிகள் கடமையினின்று நழுவுகின்றன. ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிக்க; அதனை நாம் தடுக்கவில்லை. அதனையே எல்லா அறிவிற்கும் ஒற்றை வாயிலாக்கும் மடமையைத்தான் எதிர்க்கின்றோம்.

தொற்று அடங்கிற்று, பள்ளிகள் திறந்தன, எனவே இவ் ஆராய்ச்சி எதற்கு என்பார்க்கு விடை இது. வீட்டில் கற்க வேண்டிய பிள்ளை என்றும் உண்டு. நெடுநோயுற்ற பிள்ளை உண்டு. செங்கற்சூளைக்குப் பெற்றோரோடு பெயர்ந்து செல்லும் பிள்ளை உண்டு. தொலைவுக்கு அஞ்சி ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளை உண்டு. இவர்களுக்கென ஆறாம் வகுப்பு முழுமைக்கும் ஒரு வீட்டுவழிப் பாடத்திட்டம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கடல்கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கற்பிக்க 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நிறுவிய நாடு இது. தமிழைக் கற்பிப்பதில் காட்டிய அதே முனைப்பைத் தமிழால் கற்பிப்பதிலும் காட்டுதல் அரிதன்று.

அத் திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலாவது, அது அச்சிட்ட தாளில் இருத்தல் வேண்டும். கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடும். தாள் பிள்ளையோடு இருக்கும். இரண்டாவது, ஒவ்வொரு பாடமும் முன்பு அறிந்ததை நினைவூட்டித் தொடங்கி, ஒரு கணக்கைச் செய்துகாட்டி, பிறகே பயிற்சி தருதல் வேண்டும். விடையை மட்டுமன்றி விடை வந்த வழியையும் இறுதியில் காட்டுதல் வேண்டும். மூன்றாவது, ஆய்வுகள் வீட்டுப் பொருள்களால் செய்யத் தக்கனவாதல் வேண்டும். அளவுகோடிட்ட குவளை நீரில் கல்லை இட்டு, உயரும் நீரால் அதன் பருமனை அறிதல் போல. நான்காவது, கலைச்சொல் ஒவ்வொன்றும் அதன் வேரோடு விளக்கப்படுதல் வேண்டும். ஐந்தாவது, தாய்க்கென ஒரு சிறு சுவடி வேண்டும்; எழுத்தறியாத் தாய்க்கு அதனை வானொலி படித்துக் காட்டுதல் வேண்டும். ஆறாவது, கிழமைக்கு ஒருமுறையேனும் பிள்ளையின் வினாவிற்கு ஓர் ஆசிரியர் விடை தருதல் வேண்டும்.

தமிழன்பர்களே! அரசு செய்யும் என்று கைகட்டி நில்லற்க. உங்களுள் ஆசிரியர் பலர், ஓய்வுபெற்றார் பலர். ஆறாம் வகுப்பு நூலினின்று ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்க. பிறர் துணையின்றி ஒரு பிள்ளை தானே படித்துணரும் வண்ணம் நல்ல தமிழில் அதனை எழுதுக. எழுதியதை உங்கள் தெருப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து, வாய்திறவாமல் அருகில் அமர்க. பிள்ளை தடுக்கி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்க. அங்குள்ள பிழை பிள்ளையினுடையதன்று, எழுதிய உங்களுடையது. திருத்தி எழுதி மீண்டும் கொடுக்க. தடுக்கலின்றிப் பிள்ளை இறுதிவரை படித்து, படித்ததைத் தன் தாய்க்குச் சொல்லி, தாயும் ‘ஆம்’ என்று தலையசைக்கும் நாளில், அப் பாடம் நிறைவுற்றதென்று கொள்க.