பிள்ளையை நேரத்தோடு பழக்குவது குற்றமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை ஸ்கூல் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா வந்தார். எட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். இடுப்பில் ஆறு மாதக் கைப்பிள்ளை.

“டீச்சர், எங்க அப்பாயி இப்பவே பிள்ளைய கால்ல வச்சு இருத்திப் பழக்கச் சொல்லுது. போன்ல ஒரு அம்மா, ரெண்டு வயசுக்கு முன்னாடி பழக்குனா பிள்ளைக்கு மனசு பாதிக்கும்னு சொல்றாங்க. நான் யாரு பேச்சக் கேக்குறது?”

“அப்பாயி பேச்சைக் கேளுங்க” என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அப்பாயி சொல்வது புதினமில்லை. என் உம்மும்மாவும் அப்படித்தான் எங்களை வளர்த்தார். இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்காலில் வைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு “உஸ்ஸ்” என்பார். தூங்கி எழும்பியதும் ஒரு தரம், பால் குடித்து முடிந்ததும் ஒரு தரம். வயிற்றில் பால் இறங்கினால் குடல் அசையும். பிள்ளை முகம் சுளிக்கும், முக்கும், காலை உதறும். அதைப் பார்த்துப் பிடிப்பதுதான் வேலை. லயத்தில் வயதான அம்மாமார் எல்லோருக்கும் கைவந்த வித்தை இது. இதை இப்போது “பட்டிக்காட்டுப் பழக்கம்” என்கிறோம். வெட்கம்.

“ரெண்டு வயசு” எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் பேம்பர்ஸ் விற்பனைக்கு வந்தது 1961இல். அடுத்த வருடம், 1962இல், பிரேசல்டன் என்ற குழந்தை வைத்தியர், பிள்ளை தானே தயாராகும் வரை காத்திருங்கள் என்று எழுதினார். நியாயமாகச் சொன்னால், அடித்து மிரட்டிப் பழக்கிய காலத்துக்கு அவர் சொன்னது நல்ல மருந்து. ஆனால் பிற்காலத்தில் அதே மனிதர் பேம்பர்ஸ் கம்பனியின் பெற்றோர் ஆலோசனை நிறுவனத்துக்குத் தலைவராகி, பெரிய பிள்ளைகளுக்கான பேம்பர்ஸ் விளம்பரத்திலும் வந்தார். பிள்ளை எவ்வளவு பிந்திப் பழகுகிறதோ அவ்வளவுக்கு யாருக்கு இலாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1977இல் இன்னொரு ஆய்வு வந்தது. கிழக்கு ஆபிரிக்காவின் டிகோ இனத் தாய்மார் பிறந்து சில கிழமைகளிலேயே தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் பிள்ளையைப் பெரும்பாலும் ஈரமில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். வியட்நாமில் சீழ்க்கை அடித்துப் பழக்குகிறார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மனசு கெட்டா போயிற்று?

உண்மையையும் சொல்ல வேண்டும். ஆறு மாதப் பிள்ளை தானாக அடக்கிக்கொள்ளாது. பழகுவது பாதி பிள்ளை, பாதி அம்மா. முழுக் கட்டுப்பாடு வர இரண்டு, மூன்று வயதாகும், இரவில் இன்னும் பிந்தும். அழுதால் தூக்கிவிடுங்கள். அடித்தாலோ பிடித்து அமுக்கினாலோ பிள்ளை பயந்து அடக்கும், மலச்சிக்கல் வரும். கெடுதல் வயதில் இல்லை, வற்புறுத்தலில் இருக்கிறது.

இனிக் காசுக் கணக்கு. டவுன் கடையில் சில்லறைக்கு ஒரு பேம்பர்ஸ் நூறு ரூபாய்க்குக் கிட்ட. நாளைக்கு மூன்று என்றால் முந்நூறு. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளையின் இடுப்பில் கட்டி எறிந்தோம். எறிவது எங்கே? லயத்துக்குப் பின்னால் கானில். மழைக்கு அது குடிக்கிற பீலித் தண்ணீர் வரைக்கும் வருகிறது. செலவு மிச்சம் என்று ஒரே பேம்பர்ஸைக் காலையிலிருந்து மாலை வரை விட்டுத் தொடையெல்லாம் புண்ணான பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

“டீச்சருக்குப் பேச லேசு. விடியவே மலைக்குப் போற பொம்பளை எப்படிக் காலில வச்சிருக்கிறது?” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. என் கோபமும் அங்கேதான். பேம்பர்ஸ் கட்டுகிற அம்மாவைச் சோம்பேறி என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர் சோம்பேறியில்லை, அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. மகப்பேற்று விடுமுறை 84 நாள். அதற்குப் பிறகு பகலெல்லாம் பிள்ளை பிள்ளைக்காம்பிராவில். அங்கே ஒரு ஆயா, பத்துப் பதினைந்து பிள்ளை, குழாயில் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. யார் எந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது?

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தரம் பாலூட்டும் இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக்காம்பிரா இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. அதை ஒழுங்காகக் கொடுங்கள். பாலைக் கொடுத்து ஐந்து நிமிடம் பிள்ளையைக் காலில் வைக்க அது போதும். பிள்ளைக்காம்பிராவுக்கு இன்னொரு ஆயாவும், நிற்காத தண்ணீரும், நாலு பேபி பொட்டியும் கேட்போம். தேர்தலுக்கு மேடை போடும் தலைவர்மாரே, இதையும் ஒரு கோரிக்கையாக எழுதுங்கள்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. தொழுகை உடுப்பில் நஜீஸ் படும் என்று நாள் முழுக்கப் பேம்பர்ஸில் பிள்ளையைக் கட்டி வைக்கிறோம். நபி (ஸல்) அவர்களின் உடுப்பில் பால்குடிப் பிள்ளை சிறுநீர் கழித்தபோது, தண்ணீர் கேட்டு வாங்கித் தெளித்தார்களே தவிர யாரையும் கடியவில்லை. அவ்வளவு லேசான மார்க்கத்தை நாம் ஏன் பாரமாக்குகிறோம்?

முன்பள்ளி டீச்சர்மாரே, நனைத்துவிட்டது என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு மாற்றுக் காற்சட்டை வைத்திருங்கள்.

அந்த அம்மாவுக்கு: ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். பகலில் பேம்பர்ஸ் கட்ட வேண்டி வந்தால் கட்டுங்கள், அதில் குற்றமில்லை. அப்பாயியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். போனைத் தூர வையுங்கள்.