அரண்மனைக் கதையும் தோற்றவர் பாட்டும்

அரசவையைக் களமாகக் கொண்ட நாவல் என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது குதிரை. புழுதி பறக்க ஒரு வீரன் வருவான், ஓலை ஒன்றை இடுப்பில் செருகியிருப்பான், சுரங்கப் பாதை தற்செயலாகக் கண்ணில் படும். கல்கி போட்டுக் கொடுத்த இந்தப் பாதையில் நடந்து பழகியவர்கள், அரண்மனை என்பது ஓடி ஒளியும் இடம் மட்டுமல்ல, யாருக்கு எது சேரவேண்டும் என்ற வழக்கு நடக்கும் இடமும்கூட என்பதை மறந்துவிடுகிறோம். அந்த வழக்கைக் கதையாக்கிய ஒரு பழைய நாவல், நம் தெற்கு எல்லையை ஒட்டியே கிடக்கிறது.

சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ 1891-இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் அதுதான். தமிழில் அந்த இடம் தரப்படும், திருகோணமலை த. சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’ வருவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. கதை நடக்கும் நிலத்தில் பாதி இன்றைய குமரி மாவட்டம். பத்மநாபபுரம், சாரோடு, பஞ்சவன்காடு, நாகர்கோவில் எல்லாம் அதில் வருகின்றன. தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனாலும் தக்கலையில் இறங்கி அரண்மனையின் தரைப் பளபளப்பை வியந்துவிட்டுத் திரும்புகிறவர்களில் இந்த நாவலைத் தொட்டவர்கள் சொற்பம்.

வேணாட்டு அரசர் ராம வர்மா நோயில் கிடக்கிறார். மருமக்கத்தாய முறைப்படி அடுத்த உரிமை சகோதரி வழி வந்த மருமகனுக்கு, அதாவது மார்த்தாண்ட வர்மாவுக்கு. அரசரின் சொந்தப் பிள்ளைகளான பத்மநாபன் தம்பியும் ராமன் தம்பியும் அதை ஏற்கத் தயாராக இல்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்று பெயர்பெற்ற நாயர் பிரபுக்கள் தம்பிமார் பக்கம். இளவரசருக்கோ படையும் இல்லை, பணமும் இல்லை. ஒளிந்து ஓடிக்கொண்டிருக்கிறார். தலைப்பில் அவர் பெயர் இருக்கிறது என்பதற்காக அவரைக் கதாநாயகன் என்று எண்ணிவிடக்கூடாது. அவர் பெரும்பாலும் பிறரால் காப்பாற்றப்படுபவர்.

காப்பாற்றுகிறவர்களில் முதன்மையானவள் சுபத்ரா. கணவன் சந்தேகப்பட்டு விட்டுப் போன பெண். வெற்றிலைச் செல்லமும் சிரிப்புமாக எந்த வீட்டுக்குள்ளும் நுழைவாள், எந்தப் பேச்சிலிருந்தும் தேவையானதை எடுத்துக்கொள்வாள். அரசியலில் வாளைவிட வாய்ச்சொல் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை இந்தக் கதாபாத்திரத்தைப் போலக் காட்டிய பெண் பாத்திரம் நம் வரலாற்று நாவல்களில் குறைவு. (கல்கியின் நந்தினியைச் சொல்வார்கள். நந்தினிக்கு வஞ்சம் இருக்கிறது, அழகு இருக்கிறது. சுபத்ராவுக்கு இருப்பது வேலை.) அவளைக் கடைசியில் கொல்வது அவளுடைய குடும்பத்துக் காரணவரான குடமண் பிள்ளையே. அரசகுல விசுவாசத்தைப் போற்ற எழுந்த நாவல், அந்த விசுவாசத்துக்கு மிகப் பெரிய விலையை ஒரு பெண்ணைக் கொடுக்கவைத்துவிட்டு முடிகிறது. ராமன் பிள்ளை வால்டர் ஸ்காட்டைப் படித்துவிட்டு எழுத வந்தவர்தான், ஆனால் சுபத்ராவை ஸ்காட்டிடம் தேடிப் பயனில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த நாவலில் ஒரு வேடிக்கையான சிக்கல் காத்திருக்கிறது. அப்பன் சொத்து பிள்ளைக்கு என்பது நமக்கு இயல்பான நீதி. இங்கே பிள்ளைகள் அபகரிப்பவர்கள், மருமகன் உரிமையாளன். நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் நாமும் மருமகன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். மக்கள்வழிக்காரரை மருமக்கள்வழிக்காக வேண்டிக்கொள்ள வைப்பது எளிய காரியமல்ல. வேணாடு வளர்ந்து உருவான திருவிதாங்கூரில், நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடையே அந்த முறை என்ன பாடு படுத்தியது என்பதைக் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதிக் கேலி செய்தார். இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு, எது நீதி என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று புரியும்.

சரி, ராமன் பிள்ளை அந்தச் சாய்வை எப்படிச் சாதிக்கிறார்? உரிமை வழக்கை அவர் வாதாடுவதே இல்லை. தம்பிமாரில் மூத்தவனான பத்மநாபன் தம்பியைப் பெண்பித்தனாக்கிவிடுகிறார். பாறுக்குட்டி மேல் அவன் வைத்த கண், அவளுடைய காதலன் அனந்தபத்மநாபன் பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு கிடப்பது, ஒரு தாசியின் பொருட்டு அவன் செத்தான் என்று பரப்பப்பட்ட வதந்தி. இவ்வளவு போதும். இப்படிப்பட்டவன் அரசனாகலாமா என்று நாமே கேட்கத் தொடங்குகிறோம்.

இங்கேதான் நாவலை மூடிவைத்துவிட்டு வில்லுப்பாட்டுக் குடத்தடிக்குப் போகவேண்டும். குமரி மாவட்டத்தில் தமிழில் பாடப்பட்டு வந்த ‘தம்பிமார் கதை’ இதே சண்டையைத் தோற்றவர் பக்கமிருந்து சொல்கிறது. அதில் தம்பிமார் வஞ்சிக்கப்பட்டவர்கள். மன்னர் மார்த்தாண்ட வர்மா அவர்களுடைய தங்கையைப் பெண் கேட்கிறார், அது கைகூடாமல் பகை முற்றுகிறது, தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்படுகிறார்கள். நாவலில் பெண்ணாசை தம்பியின் குற்றம், பாட்டில் அதுவே மன்னரின் குற்றம். இரு தரப்பும் ஒரே கல்லை ஒருவர் மேல் ஒருவர் எறிந்திருக்கிறார்கள். மகனா மருமகனா என்ற கேள்வி இரண்டிலுமே அடியில் போய்விடுகிறது. அரசுரிமைச் சண்டையைப் பெண் சண்டையாக மாற்றிச் சொன்னால்தான் ஊர் கேட்கும் என்பது எழுத்தாளருக்கும் தெரிந்திருக்கிறது, பாடகருக்கும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. அனந்தபத்மநாபன் நாவலில் ‘பிராந்தன் சான்னான்’ என்ற பித்துப்பிடித்த நாடார் வேடத்தில் திரிந்து இளவரசரைக் காக்கிறான். வேடம் கலைந்தால் உயர்குலப் பிரபுவின் மகன். குமரி மாவட்ட நாடார்களின் நினைவிலோ, மார்த்தாண்ட வர்மாவுக்கு உதவிய அனந்தபத்மநாபன் வேடக்காரர் அல்லர், நாடார் தளபதியே. எது வரலாறு என்று தீர்ப்பெழுதுவது இந்தத் தலையங்கத்தின் வேலையல்ல. அரண்மனைக்கு உழைத்த கைகளில் எவை வேடமாக எழுதப்பட்டன, எவை முகமாக எழுதப்பட்டன என்று கேட்பது வாசகரின் வேலை.

நாவல் வெளிவந்த 1891-ஆம் ஆண்டையும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு சனவரியில்தான் திருவிதாங்கூர் அரசரிடம் மலையாளி மெமோரியல் அளிக்கப்பட்டது. அரசுப் பதவிகளை வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்கள் நிரப்பிக்கொள்கிறார்கள் என்பது பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட அந்த மனுவின் புகார். அந்த இயக்கத்தில் ராமன் பிள்ளைக்கும் பங்கு உண்டு. நாவலில் தம்பியின் காதில் ஓதிக்கொண்டே இருக்கும் சூழ்ச்சிக்காரரின் பெயர் சுந்தரய்யன். தமிழ் கலந்து பேசுபவர். 1729-இல் ஆட்சிக்கு வந்த மன்னரின் கதைக்குள் 1891-இன் அலுவலகக் கசப்பு உட்கார்ந்திருக்கிறது. இதனால் நாவல் கெட்டுப்போகவில்லை. எழுதப்பட்ட காலத்தின் சூடு உள்ளே இருப்பதால்தான் அது பாடப்புத்தகமாக உறைந்துபோகாமல் இருக்கிறது.

வரலாற்று நாவலை வரலாறாகப் படிக்காதே என்று ஒரு பக்கமும், வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதே என்று மறுபக்கமும் சிற்றிதழ்களில் நிறையப் பேசியாயிற்று. எங்கள் கருத்து வேறு. ‘மார்த்தாண்ட வர்மா’ ஒரு வழக்கில் ஒரு தரப்பு வக்கீலின் வாதம். மிகத் திறமையான வாதம். எதிர்த்தரப்பின் வாதம் நம் மொழியில் இருக்கிறது, பாட்டாக இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று, பத்மநாபபுரம் அடங்கிய கல்குளம் தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அரண்மனைக்குப் பொறுப்பாளர் இருக்கிறார்கள். பாட்டுக்கு?

குமரி மாவட்ட வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தம்பிமார் கதையை முழுதாகப் பாடத் தெரிந்த அண்ணாவி உங்கள் பக்கத்தில் இருந்தால், அல்லது ஏடோ கைப்படியோ யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், இதழுக்கு எழுதுங்கள். நாங்கள் நேரில் வந்து பதிவு செய்துகொள்கிறோம். ஏட்டை எடுத்துச் செல்லமாட்டோம். அந்த வீட்டிலேயே உட்கார்ந்து படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வருவோம்.