பெயர்ப்பலகையோடு நின்றுவிட வேண்டாம்

வீட்டில் சின்ன சிஎன்சி மெசின் வைத்து மரம் செதுக்கும் தம்பிமார் நமது ஊரிலும் இருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் பெரும்பாலும் எல்லோரும் செய்வது பெயர்ப்பலகையும் சுவரில் மாட்டும் எழுத்து வேலையும்தான். ஒருவர் செய்வதையே மற்றவரும் செய்தால் விலைதான் விழும். இதற்காகப் பெரிய மெசின் வாங்கக் கடன் தேடுபவர்களுக்கு எனது கருத்து இதுதான்: கடன் எடுக்க முன்னர், இருக்கிற மெசினுக்கு மோட்டர் வைத்த சுழல்மேசை ஒன்றைப் பூட்டிப் பாருங்கள்.

சுழல்மேசை என்பது நாலாவது அச்சு. வெட்டும் அலகின் கீழே மரத்தை அளந்து திருப்பிக் கொடுக்கும். "உருண்டை வேலைக்கு லேத் இருக்கிறதே" என்பார்கள். உண்மை. ஆனால் மேசைக்காலைச் சுற்றி ஏறும் பூங்கொடியையும், பற்சில்லின் பற்களையும் சாதாரண லேத்தில் எடுக்க முடியாது.

கணக்குப் பெரிதில்லை. வழமையான ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படி வைக்கும். 90:1 வேர்ம் கியர் உள்ள மேசை ஒரு சுற்றுச் சுற்ற 18,000 படி, அதாவது ஒரு பாகைக்கு 50 படி. டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் வைத்தால் 400. உங்கள் மேசையின் விகிதம் வேறு என்றால் 90 இற்குப் பதிலாக அதைப் போடுங்கள்.

ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மூன்று அச்சைத்தான் ஓட்டும். அதற்காகப் போர்டை வீசத் தேவையில்லை. அலகை மரத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே நிறுத்தி, வை அச்சு மோட்டரின் வயரைக் கழற்றி, மேசை மோட்டருக்குக் கொடுங்கள். 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள காலின் பரிதி, 22/7 ஆல் பெருக்கினால், 220 மில்லிமீற்றர். 220 அகலத்தில் வரைந்த கொடி காலைச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்கான மொத்தப் படிகளை 220 ஆல் வகுத்து வரும் எண்ணை வை அச்சுக்குக் கொடுத்தால் போதும். விட்டம் மாறினால் இந்த எண்ணும் மாறும்.

வாங்க முன் இரண்டு விடயம் பாருங்கள். ஒன்று, அலகுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள உயரம். சின்ன மெசின்களில் இது மிகக் குறைவு. மேசையை வைத்த பின் மரத்துக்கு இடமிருக்காது. மற்றது, வேர்ம் கியரின் ஆட்டம். கையால் அசைத்துப் பாருங்கள். பற்சில்லு வெட்டும்போது எப்போதும் ஒரே பக்கத்திலிருந்தே திருப்பி நிறுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "பரிதி படித்து என்ன பயன், சேர்?" என்று வகுப்பில் கேட்கும் பிள்ளை, இந்த மெசினுக்கு முன்னால் அப்படிக் கேட்க மாட்டான். 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பத்துக்குத் தனித் துறை இருக்கிறது. இதை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். தனித்தனியாக வாங்க முடியாவிட்டால் மூன்று பேர் சேர்ந்து ஒரு மேசை வாங்கட்டும். கணக்குச் சொல்லித்தர நான் வருகிறேன்.