படப்பிடிப்போடு படம் முடிவதில்லை

மலையகத்தைத் திரைக்குக் கொண்டுவர வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்தார். இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கெமரா தூக்கும் இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. எடுத்த படம்தான் படத்தொகுப்புக்கும் ஒலிச்சேர்க்கைக்கும் பணமின்றி வன்தட்டில் உறங்குகிறது. செலவைக் குறைக்க வெளியாரை வைத்துக் குரல் கொடுத்தால், கொழுந்தெடுக்கும் பெண் சென்னைத் தமிழ் பேசுவாள். அது எந்த லயத்தின் கதை?

'இலக்கியக்காரருக்குச் சினிமா எதற்கு?' என்போரைக் கேட்கிறேன்: ஹட்டன் கடைவீதியில் நம்மவர் கல்லாவில் விழுவது தோட்டத்துச் சம்பளம்தானே? அந்த மக்களின் குரல் மட்டும் நமக்கு அந்நியமா?

முதற்பிரதிக்கும் பொன்னாடைக்கும் அள்ளிக்கொடுக்கும் புரவலர்களே, எழுதிய நாவல் அச்சேறாவிட்டால் கொதிக்கிறோம். எடுத்த படம் முடியாமல் கிடந்தால் மௌனமா? பொன்னாடையைப் பிறகு போர்த்தலாம். முதலில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கட்டணத்தைக் கட்டுங்கள்.