பெட்டிக்குள் ஒரு பழைய பெட்டி

தொலைந்த எழுத்தைத் திரும்பக் கண்டெடுப்பது திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 1909-ல், திருநெல்வேலிச் சீமையில் பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த டி. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் ஒரு சுவடிக்கட்டை அவிழ்த்தார். உள்ளே மலையாள எழுத்தில் எழுதப்பட்ட சமஸ்கிருத நாடகங்கள். அதுவரை பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த பாசனின் படைப்புகள் இவை என்றார் அவர். 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் 13 நாடகங்கள் அச்சேறின. அவை பாசன் எழுதியவைதானா என்று அறிஞர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். ஆனால் அவற்றைப் படிக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. கட்டை அவிழ்த்தார், படித்தார், அவ்வளவுதான்.

அதே நகரத்தில் 1998-ல் கோக்கப்பட்ட ஒரு மலையாளப் புத்தகத்தின் டி.டி.பி. ஃபைலை இன்று திறக்க முயல்பவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவர் முன்னால் ஐந்து பூட்டுகள் தொங்குகின்றன. ஃப்ளாப்பியை அல்லது சி.டி.யைப் படிக்கும் கருவி வேண்டும். ஃபைலை உருவாக்கிய சாஃப்ட்வேர் வேண்டும். அந்த சாஃப்ட்வேர் ஓடக்கூடிய ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். அப்போது பயன்படுத்திய அதே ஃபாண்ட் வேண்டும். அந்த ஃபாண்ட்டை விற்ற கம்பெனி கம்ப்யூட்டரின் முதுகில் செருகச் சொல்லிக் கொடுத்த சிறு பூட்டும் வேண்டும். ஐந்தில் ஒன்று இல்லையென்றாலும் புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

பழைய ஆபரேட்டிங் சிஸ்டங்களைப் புதிய கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் 'எமுலேஷன்' என்ற வித்தை, பொழுதுபோகாத இளைஞர்களின் விளையாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். இந்திய மொழிகளின் அச்சுத் தொழிலுக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை. காரணம் தொழிலின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கர் 1985-ல் வந்தது. 1994-ல் அது அடோபியின் கைக்குப் போயிற்று. 2001-ல் வந்த ஏழாவது பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுபோனது. அடோபி தன்னுடைய இன்டிசைனை முன்னிறுத்தியது. அதுவும் சில பதிப்புகள் வரை பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறந்து கொடுத்துவிட்டுப் பிறகு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இதற்கிடையில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தலைமுறைப் புத்தகங்கள் பேஜ்மேக்கரிலேயே பிறந்துவிட்டன.

ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் சங்கடம் பாதிதான். எந்த சாஃப்ட்வேரில் திறந்தாலும் 'ஏ' என்ற எழுத்து 'ஏ'யாகவே இருக்கும். இந்திய மொழிகளுக்கு அந்நாளில் செய்த ஏற்பாடு வேறு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் இந்திய எழுத்துகளின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பரவிய பாமினி ஃபாண்ட்டில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மாவே தெரிவாள். ஆனால் கம்ப்யூட்டரின் நினைவில் பதிவது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஃபாண்ட் தொலைந்தால் அம்மாவும் தொலைந்தாள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டதால் ஒருவருடைய ஃபைல் இன்னொருவருக்கு வெறும் கிறுக்கல்.

ஆகவேதான் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திய பிறகும் அச்சுக்கூடங்களில் அது சாகவில்லை. மூலையில் ஒரு மஞ்சளேறிய பெட்டி, அதில் எக்ஸ்.பி., அதற்குள் பேஜ்மேக்கர். இது சோம்பல் அல்ல, கணக்கு. இருபது வருடக் கைப்பழக்கம், நூற்றுக்கணக்கான ஃபைல்கள், மறுபதிப்பு கேட்டு வரும் பதிப்பாளர் எல்லாம் அந்தப் பெட்டியை நம்பி இருக்கிறார்கள்.

பெட்டிக்கும் ஆயுள் உண்டு. மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர் வீங்கும், ஹார்டு டிஸ்க் முனகும். ஒருநாள் எழுந்திருக்காது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றால் 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் புரோகிராம்களைத் தொடாது. டாஸ் காலத்து சாஃப்ட்வேர் அத்தனையும் வெளியே நிற்கும். 32 பிட் சாஃப்ட்வேர்களிலும் சிலவற்றை நிறுவும் புரோகிராம் 16 பிட்டாக இருந்து காலை வாரும்.

இங்கேதான் எமுலேஷன் வருகிறது. தத்துவம் பழையது. எந்த யந்திரத்தின் நடத்தையையும் விதிகளாக எழுதிக் கொடுத்தால், அதை அப்படியே நடித்துக்காட்டும் ஒரு பொது யந்திரம் சாத்தியம் என்று ஆலன் டூரிங் 1936-லேயே காட்டினார். அதை வியாபாரமாக்கியது ஐ.பி.எம். 1964-ல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, முந்தைய 1401 யந்திரத்துக்குப் புரோகிராம் எழுதி வைத்திருந்த வாடிக்கையாளர்கள் ஓடிவிடக் கூடாதே என்று, புது யந்திரமே பழைய யந்திரமாக நடிக்கும் வசதியைச் சேர்த்துக் கொடுத்தது. பழைய முதலீட்டைக் காப்பாற்றத்தான் எமுலேஷன் பிறந்தது. விளையாட்டு பின்னால் வந்தது.

இன்று நடப்பதும் அதுதான். புதுக் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர், தன்னை ஒரு பழைய கம்ப்யூட்டராகக் காட்டிக்கொள்கிறது. அதற்குள் எக்ஸ்.பி.யை நிறுவினால், தான் இருப்பது 2001-ஆம் வருடத்துப் பெட்டி என்றே எக்ஸ்.பி. நம்புகிறது. அதன் ஹார்டு டிஸ்க் உண்மையில் ஒரு பெரிய ஃபைல். அந்த ஃபைலைப் பிரதியெடுத்து வைத்தால் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே பிரதியெடுத்தாகிவிட்டது.

இதில் இரண்டு வகை உண்டு. புதுக் கம்ப்யூட்டரின் ப்ராசஸரும் பழைய ப்ராசஸரின் பரம்பரையிலேயே வந்திருந்தால், கட்டளைகளை நேரடியாக அதனிடமே விட்டுவிடலாம். விர்ச்சுவல்பாக்ஸ் செய்வது இது. வேகம் குறையாது. பரம்பரை வேறாக இருந்தால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்க வேண்டும். ஆப்பிள் 2020-ல் இன்டெலைக் கைவிட்டுத் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியதால், அந்த மேக்கில் எக்ஸ்.பி. ஓட இந்த மொழிபெயர்ப்பாளர் அவசியம். ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-ல் வெளியிட்ட க்யூ.இ.எம்.யூ. அந்த வேலையைச் செய்கிறது. மொழிபெயர்ப்பு என்றால் தாமதம் உண்டு. ஆனால் பழைய புரோகிராம்கள் கேட்பது சொற்பம், இன்றைய ப்ராசஸர்களின் வேகம் ஏராளம். நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

டாஸ் புரோகிராம்களுக்கு 2002-ல் வந்த டாஸ்பாக்ஸ் இருக்கிறது. பழைய வீடியோ விளையாட்டுகளின் மேல் காதல் கொண்டவர்கள் செய்து இலவசமாகக் கொடுத்தது அது. ஆனால் விளையாட்டுக்காரர்களின் தயவில் வாழ்வதில் ஓர் அபாயம் உண்டு. தங்களுக்குப் பிரியமான சவுண்ட் கார்டுகளை அவர்கள் சத்தம் பிசகாமல் நகல் செய்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாகி, 1988 முதல் புனேயின் சி-டாக் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் கார்டை நகல் செய்ய அவர்களுக்கு என்ன வந்தது? டாஸ் கம்ப்யூட்டருக்குள் செருகினால் இந்திய எழுத்துகள் அனைத்தையும் திரையில் கொண்டுவந்த கார்டு அது. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் அரசு அலுவலகங்களுக்கு அதுவே பெரிய வரம். ஆறுதல் என்னவென்றால், ஜிஸ்ட் பயன்படுத்திய இஸ்கி குறியீட்டை இந்தியத் தரநிர்ணய அமைப்பு 1991-ல் பகிரங்கத் தரமாக வெளியிட்டது. கார்டு போனாலும் அந்த ஃபைல்களை இன்றும் படித்து மாற்ற முடியும். தனியார் ஃபாண்ட்டுகளின் ரகசிய வரிசைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சட்டமும் அரைமனதாகத்தான் உதவுகிறது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாக வாங்கிய புரோகிராமை நாசத்திலிருந்து காத்துக்கொள்ள உரியவர் பிரதி எடுக்கலாம் என்கிறது. அச்சுக்கூடக்காரருக்கு அது போதும், ஒரிஜினல் அவரிடம் இருந்தால். நூலகங்களின் நிலை வேறு. 2012 திருத்தம், லாப நோக்கில்லாத பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்று அனுமதித்தது. நிபந்தனை, அந்த நூலகத்தில் அதன் மின்னணு அல்லாத பிரதி இருக்க வேண்டும். காகிதமாகவே பிறக்காத படைப்புக்கு இது எப்படிப் பொருந்தும்? 1954-ஆம் வருடத்துப் புத்தக ஒப்படைப்புச் சட்டத்துக்கும் அச்சிட்ட பிரதிதான் தெரியும், அதன் பின்னாலுள்ள ஃபைல் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை கேரளத்திலிருந்தே கிடைத்தது. 2017 மே மாதம் வான்னக்ரை என்ற பணம்பறிக்கும் வைரஸ் உலகைச் சுற்றி வந்தபோது, வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டாவின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்களையும் பிடித்தது. ஆதரவு நிறுத்தி மூன்று வருடமாகியிருந்த எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாஃப்ட் அவசர மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. பழைய சிஸ்டத்தைப் பெட்டிக்குள் ஓட்டலாம். ஆனால் அதற்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பது, தடுப்பூசி போடாத குழந்தையைத் திருவிழாக் கூட்டத்தில் விடுவதற்குச் சமம்.

விசித்திரம் என்னவென்றால், இந்த நோய்க்கு மாற்று மருந்தும் நீண்ட காலமாகத் திருவனந்தபுரத்திலேயே விளைகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலை 20-ல் இந்தியாவின் சுதந்திர சாஃப்ட்வேர் அமைப்பைத் தொடங்கி வைத்தது இங்கேதான். பின்னர் கேரள அரசுப் பள்ளிகள் கம்ப்யூட்டர் பாடத்தை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டன. 'ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்' குழுவினர் செய்த பய்யன்ஸ் என்ற கருவி, பழைய ஃபாண்ட்டுகளில் அடித்த மலையாளத்தை யூனிகோடாக மாற்றிக் கொடுக்கிறது. இந்தக் குழுவினரின் வாதம் எளிமையானது. மூல நிரல் பகிரங்கமாக இருந்தால், சாஃப்ட்வேரை விற்றவன் போன பிறகும் அதைப் பழுதுபார்க்க யாராவது இருப்பார்கள்.

அதைவிடக் கூர்மையான பாடம் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு சாஃப்ட்வேர். ஸ்டான்ஃபோர்டின் டொனால்ட் நூத் உருவாக்கியது. இந்திய டெக் பயனாளர் சங்கம் 1998-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 2002-லும் 2011-லும் உலக டெக் மாநாடு இந்த நகரத்தில் கூடியது. இங்குள்ள நிறுவனங்கள் வெளிநாட்டு விஞ்ஞான இதழ்களுக்கு டெக்கில் பக்கம் கோத்துக் கொடுத்து வருகின்றன. டெக் ஃபைல் வெறும் எழுத்து. எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து படிக்கலாம். இனிப் புது வசதி எதையும் சேர்ப்பதில்லை, பிழை திருத்தம் மட்டுமே என்று நூத் 1990-ல் அறிவித்துவிட்டார். திருத்தம் ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண், கணிதத்தின் பை என்ற எண்ணை ஒரு தசமம் நெருங்கும். 1980-களில் சாதாரண டெக்கில் எழுதிய கணிதக் கட்டுரை இன்றும் அதே வரி முறிவுகளோடு வெளியே வரும். அதற்கு எமுலேட்டர் தேவையில்லை. புதுப்பிக்க மறுத்ததே அதைக் காப்பாற்றியது.

தமிழுக்கும் இதில் தப்ப வழியில்லை. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. பதினோரு வருட இடைவெளியில் அடித்த ஆவணங்கள், அதற்கு முன் தனியார் ஃபாண்ட்டுகளில் அடித்தவை, யாழ்ப்பாணத்திலும் டொரன்டோவிலும் பாமினியில் அடித்தவை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. யூனிகோடும் முழுமுதல் மருந்தல்ல. மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கு 2008-ல் தனிக் குறியீடு வந்ததால், அதற்கு முன் அடித்ததும் பின் அடித்ததும் திரையில் ஒன்றுபோல் தெரிந்தாலும் தேடலில் வேறாக நிற்கின்றன. ஆனால் அந்த வேறுபாடு பகிரங்கமானது, ஒரு சிறு புரோகிராமால் தீர்க்கக் கூடியது.

அப்படியானால் எமுலேஷனின் இடம் எது? அது பாலம். ஆற்றைக் கடக்க உதவும். பாலத்தின் மேல் குடித்தனம் நடத்த முடியாது. முதலில் ஃப்ளாப்பிகளையும் சி.டி.க்களையும் பூசணம் தின்பதற்குள் பிரதியெடுக்க வேண்டும், ஏனென்றால் காந்தப் பூச்சு உதிர்ந்த ஃபைலை எந்த எமுலேட்டரும் எழுப்பாது. அடுத்து, மூலையிலிருக்கும் எக்ஸ்.பி. பெட்டியை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெட்டிக்குள் பெட்டியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குள் ஃபைல்களைத் திறந்து, பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு பி.டி.எஃப்., சொற்கள் என்ன என்பதற்கு யூனிகோடு என்று இரண்டு வடிவங்களில் வெளியே கொண்டுவர வேண்டும். மூலத்தையும் எறியக் கூடாது. மாற்றும் கருவிகள் தவறு செய்யும். ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேண்டும்.

இதைத் தனியொரு டி.டி.பி. கடைக்காரர் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அவருக்கு மறுபதிப்பு வராத புத்தகம் வெறும் இடச்சுமை. 1968-ல் தொடங்கிய கேரள பாஷா இன்ஸ்டிடியூட் போன்ற அரசுப் பதிப்பகங்களும், பல்கலைக்கழக நூலகங்களும், தமிழ்நாட்டில் அவற்றுக்கு இணையான அமைப்புகளும்தான் முன்வர வேண்டும். செலவு பெரிதல்ல. எமுலேட்டர்கள் இலவசம். தேவைப்படுவது ஓர் அறை, நாலைந்து ஃப்ளாப்பி டிரைவ்கள், பழைய ஃபாண்ட்டுகளை இன்னும் விரல்நுனியில் வைத்திருக்கும் இரண்டு ஆபரேட்டர்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் அவசரம். எமுலேட்டர் கம்ப்யூட்டரை நகல் செய்யும். எந்த ஃபாண்ட்டில் எந்தக் கீயை அழுத்தினால் கூட்டெழுத்து வரும் என்று தெரிந்த மனிதரை நகல் செய்யாது. 1990-களில் இருபது வயதில் கீபோர்டின் முன் உட்கார்ந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் மணலிக்கரையில் பாசன் கிடைத்தான்.