நாலு பேர் என்ன நினைப்பார்கள்?



பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த நம்மில் பலருக்கு வாய் திறக்கவே தயக்கம். கடையில் கன்னடம் தவறிவிடுமோ, அலுவலகக் கூட்டத்தில் ஆங்கிலம் தடுமாறுமோ, சங்க விழாவில் மைக் முன்னால் நா உலருமோ என்ற பயம். இது எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. சிலருக்கு அளவு கடந்துவிடுகிறது. படுத்ததும், பகலில் பேசிய ஒவ்வொரு சொல்லும் மனத்தில் திரும்ப ஓடுகிறது. மணி இரண்டாகியும் கண் மூடுவதில்லை. மறுநாள் களைத்த மனத்துக்குப் பயம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

மருத்துவர்கள் இதைச் சமூகப் பதற்றம் என்கிறார்கள். "வெறும் கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது தவறு என்பது என் கருத்து. தாமாகவே தூக்க மாத்திரை போடுவதும், தைரியத்துக்கென்று குடிப்பதும் அதைவிடத் தவறு. மது முதலில் கண்ணைச் செருக வைக்கும். நடு இரவில் எழுப்பிவிடும்.

வாரம் மூன்று இரவாவது, மூன்று மாதம் தூக்கம் கெட்டால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இதற்கு மாத்திரைக்கு முன், சிந்தனையையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியே முதல் சிகிச்சை என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. தூக்கம் வந்த பிறகே படுப்பது, வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருவது, எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது ஆகியவை அதன் பகுதிகள். மனிதரைக் கண்டு அஞ்சும் அச்சத்துக்கும் சிகிச்சை வேண்டும்: அஞ்சுகிற காரியத்தைச் சிறிது சிறிதாகச் செய்து பழகுவது, தேவையானால் மருத்துவர் தரும் மருந்து. ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது தங்கிவிடக்கூடும்.

இந்த ஊர் ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1974 முதல் இப்பெயரில் இயங்கும் அந்நிறுவனத்துக்கு நாடெங்குமிருந்து வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாமோ, "அங்கே போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்று தயங்குகிறோம். அந்த நினைப்புதானே இந்த நோயே! அதில் தவிப்பவர் தானாகப் போய், முன்பின் தெரியாத டாக்டரிடம் மனம் திறப்பார் என்று காத்திருக்கலாமா? வீட்டார்தான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

விருந்தாளி வந்தால் உங்கள் பிள்ளை அறைக்குள் போய்விடுகிறானா? இரவெல்லாம் அங்கே விளக்கு எரிகிறதா? கேலி வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் சம்மதித்தால், அந்த முதல் அழைப்பை நீங்களே செய்யுங்கள்.