சாமந்தியின் கட்சி

பூத்து ஓய்ந்த சாமந்தியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் எறிகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. ஆடியில் நட்டுவிட்டு, ஆவணியிலேயே மொட்டைக் காணோமென்று வைகிறார்கள். பொழுது குறுகி இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். திண்ணை விளக்கு இரவெல்லாம் அதன்மேல் எரிந்தால், பூப்பு தள்ளிப்போகும். அதற்கும் செடியைத்தான் ஏசுகிறார்கள்!

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளும்போது சாமந்திக்கு நல்ல பருவம். மாலைக்குப் பூக் கொடுத்த செடிக்குப் பருவம் முடிந்ததும் மரண தண்டனையா? என்ன நியாயம் ஐயா இது!

பூத்த தண்டைத் தரைக்குச் சற்று மேலே நறுக்குங்கள். வேரடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். கோடையில் அளவாய்த் தண்ணீர் காட்டி, ஆடியில் பிரித்து நட்டால் அடுத்த தைக்கும் பூ உண்டு. ஓய்வைச் சாவென்று எண்ணுகிற அவசரக்காரர்களுக்குச் செடி எதற்கு? காகிதத்தில் செய்த பூவே போதும்.